சுண்ணாம்பு எந்தப் பக்கம் திரும்பும்?

வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியை மூட மறந்து நாலைந்து நாள் விட்டுவிட்டால் மேலே வெள்ளையாக ஓர் ஏடு கட்டிக்கொள்ளும். விரலால் அழுத்தினால் சில்லுச் சில்லாக உடையும். காய்ந்துபோய்விட்டது என்று வழித்து எறிந்துவிடுகிறோம். உண்மையில் அது காய்ந்தது மட்டுமல்ல, பொருளே மாறிவிட்டது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, எந்தக் கிளிஞ்சலைச் சுட்டு அந்தச் சுண்ணாம்பு வந்ததோ அந்தக் கிளிஞ்சலின் பொருளாகவே திரும்பிவிட்டது. இனி எத்தனை தண்ணீர் விட்டுக் குழைத்தாலும் பழைய சுண்ணாம்பு ஆகாது. வெற்றிலையில் தடவினால் வாயும் சிவக்காது.

இதை யாரும் அடுப்பில் ஏற்றவில்லை, கிளறவில்லை. தானாக நடந்தது. இதற்கு நேர் எதிரான காரியம், அதாவது கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சல் தானாகச் சுண்ணாம்பாவது, எங்கும் நடப்பதில்லை. ஆயிரம் வருடம் வெயிலில் கிடந்தாலும் கிளிஞ்சல் கிளிஞ்சல்தான். காளவாயில் போட்டுக் கொளுத்தினால்தான் வழிக்கு வரும். ஒரே பாதை. ஒரு பக்கம் போகச் செலவில்லை, இன்னொரு பக்கம் போகக் கரி கேட்கிறது. எந்தப் பக்கம் செலவில்லாத பக்கம் என்பதை எப்படி முன்கூட்டியே சொல்வது?

பிளஸ் ஒன் வேதியியலில் இதற்கான விடை 'கிப்ஸ் கட்டிலா ஆற்றல்' என்ற பெயரில் வருகிறது. பெரும்பாலானவர்கள் சமன்பாட்டை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிடுகிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு அதை மறக்காமலிருக்க ஒரு வசதி உண்டு. கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீதிகளிலும், வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதி போன்ற தமிழ் வீதிகளிலும் நிற்கும் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து எழுந்தவை. ஊரின் தெற்கே ஓடும் ஆற்றுக்குப் பெயரே சுண்ணாம்பாறு. அந்தச் சுவர்கள் ஒவ்வொன்றும் மேலே சொன்ன டப்பியின் கதையைப் பெரிய அளவில் செய்துகாட்டியவை.

முதலில் ஒரு தவறான விடையைப் பார்த்துவிடலாம். அது பாரிஸில் கோலோச்சிய விடை.

இன்று 'மேரி' என்று நாம் சொல்லும் நகராட்சிக் கட்டடம் புதுச்சேரிக் கடற்கரையில் எழுந்தது 1870–71 வாக்கில். அதே காலத்தில் பிரான்சின் வேதியியலில் மார்செலான் பெர்த்தெலோ என்பவர் வைத்ததுதான் சட்டம். எந்த வினை அதிக வெப்பத்தை வெளியிடுகிறதோ அதுதான் தானாக நடக்கும் என்பது அவர் கட்சி. டென்மார்க்கின் யூலியஸ் தாம்சனும் ஏறத்தாழ அதையே சொல்லியிருந்தார். கேட்டால் நியாயமாகத்தான் படும். விறகு எரிகிறது, வெப்பம் வருகிறது, நடக்கிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறது, நடக்கிறது. டப்பியில் ஏடு கட்டும்போதும் வெப்பம் வெளியாகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் கைக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பாகூர்ப் பக்கம் வயலுக்கு யூரியா கரைக்கும் எந்த விவசாயியும் பெர்த்தெலோவை மடக்கியிருப்பார். பக்கெட் தண்ணீரில் யூரியாவைக் கொட்டிக் கலக்கினால் தண்ணீர் சில்லிடும். 60 கிராம் யூரியா கரைவதற்குள் சுமார் 15 கிலோஜூல் வெப்பத்தைத் தண்ணீரிலிருந்தே உறிஞ்சிவிடுகிறது. வெப்பத்தை வெளியே விடவில்லை, உள்ளே இழுக்கிறது. அப்படியும் தானாகவே கரைகிறது. கரைந்த யூரியா தானாகத் திரும்பிப் படிகமாகப் பிரிந்து நிற்பதில்லை. ஆக, வெப்பம் மட்டும் திசையைத் தீர்மானிப்பதில்லை. வேறொன்றும் கூட இருக்கிறது.

பியேர் துயெம் என்ற இளைஞர் இதையே தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதி 1884இல் கொடுத்தார். பெர்த்தெலோவின் கொள்கை தவறு என்பது அதில் வெளிப்படையாக இருந்தது. ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. 1886இல் அதைப் புத்தகமாகவே போட்டார். பெர்த்தெலோ பின்னாளில் கல்வி அமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். துயெம் கடைசிவரை பாரிஸில் பேராசிரியராகவில்லை, போர்தோவிலேயே காலம் தள்ளினார். பல்கலைக்கழக அரசியல் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. துயெம் நம்பி நின்ற அடிப்படையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் கிப்ஸ் 1876க்கும் 1878க்கும் இடையில் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதி முடித்திருந்தார். படித்தவர்கள் கொஞ்சம், புரிந்துகொண்டவர்கள் அதிலும் குறைவு.

கிப்ஸ் சொன்னதன் சாரம் இது. ஒரு வினையில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று வெப்பக் கணக்கு: எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது. இதற்கு என்தால்பி மாற்றம் என்று பெயர். இன்னொன்று பரவல் கணக்கு: அணுக்களும் மூலக்கூறுகளும் எத்தனை விதமாக இருக்க இடம் கிடைக்கிறது என்பது. இதற்கு என்ட்ரோபி மாற்றம் என்று பெயர். வெப்பநிலை ஏற ஏறப் பரவல் கணக்கின் மதிப்பு கூடும். ஆகவே என்ட்ரோபி மாற்றத்தை வெப்பநிலையால் பெருக்கி, வெப்பக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். வருவது கட்டிலா ஆற்றல் மாற்றம். அது மைனஸ் என்றால் அந்தத் திசையில் தானாக நடக்க முடியும். பிளஸ் என்றால் நடக்காது. எதிர்த் திசைதான் நடக்கும். பூஜ்யம் என்றால் இரண்டு பக்கமும் சமம்.

வெப்பநிலையால் ஏன் பெருக்க வேண்டும் என்பது பாடம் படித்த பலர் மனதில் நிற்பதில்லை. நின்றிருந்தால் பாதிப் பேருக்கு இந்தப் பாடம் பிடித்துப்போயிருக்கும். ஒரு வினை வெளியிடும் வெப்பம் சும்மா போவதில்லை. சுற்றுப்புறத்தில் போய் விழுந்து அங்கே மூலக்கூறுகளைக் கலைத்துவிடுகிறது. குளிர்ந்த இடத்தில் விழுந்தால் கலைப்பு அதிகம். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அதே வெப்பம் விழுந்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. ஆகவே சூடான இடத்தில் வெப்பக் கணக்கின் செல்வாக்கு குறைந்து பரவல் கணக்கின் கை ஓங்குகிறது. வினைக்கு உள்ளேயும் வெளியேயும் சேர்த்து மொத்தப் பரவல் கூடுகிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. கிப்ஸின் கணக்கு அதை வினையை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிற குறுக்குவழி.

இப்போது காளவாய்க்கு வரலாம். எடைக் கணக்கு இங்கே அழகாக அமைந்திருக்கிறது. கிளிஞ்சல் முழுவதும் கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொண்டால் 100 கிராம் கிளிஞ்சல் சரியாக ஒரு மோல். அதைச் சுட்டால் 44 கிராம் கரியமில வாயு வெளியேறி, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். பாதிக்குக் கொஞ்சம் குறைவான எடை புகையோடு போய்விடுகிறது. அந்த 100 கிராம் கிளிஞ்சல் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அதிலிருந்து வெளிவரும் வாயு நம் ஊர் வெப்பநிலையில் 25 லிட்டர் இடத்தை அடைக்கும், கிட்டத்தட்ட ஒரு பெரிய தண்ணீர் கேன் அளவு. கல்லுக்குள் அசையாமல் பூட்டிக் கிடந்தது அவ்வளவு இடத்தில் அலைகிறது. பரவல் கணக்கு கூடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். எண்ணாகச் சொன்னால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 160 ஜூல்.

ஆனால் பூட்டைத் திறக்க 178 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கடற்கரையில் 30 டிகிரி செல்சியஸ், அதாவது கெல்வின் கணக்கில் 303. 160ஐ 303ஆல் பெருக்கினால் 48 கிலோஜூல் சொச்சம். 178இலிருந்து 48ஐக் கழித்தால் 130, அதுவும் பிளஸ். நடக்காது. காந்தி சிலைக்கு முன்னால் அலை ஒதுக்கும் கிளிஞ்சல் வெயிலில் சுண்ணாம்பாகாததற்குக் காரணம் இந்த 130தான். இனி வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போங்கள். 178 பெரிதாக மாறாது, கழிக்கும் தொகை வளர்ந்துகொண்டே வரும். இந்தத் தோராயக் கணக்குப்படி 840 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டும் சமமாகும். 900இல் கணக்கு மைனஸுக்குப் போய்விடும். அதுவரை கல்லாகக் கிடந்தது அதற்கு மேல் தானாகப் பிரிகிறது. சூடு கிளிஞ்சலை அடித்து உடைக்கவில்லை. எந்தப் பக்கம் போவது என்ற தீர்ப்பையே மாற்றிவிட்டது.

காளவாயில் காற்று ஏன் முக்கியம் என்பதும் இதிலேயே இருக்கிறது. 840 என்பது கிளிஞ்சலைச் சுற்றிக் கரியமில வாயு மட்டுமே ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நிற்கும்போது வரும் எண். வெளியேறிய வாயு அங்கேயே மண்டிக்கொண்டு நின்றால் மேலும் வாயு வெளியேறுவதைத் தடுக்கும்; அதை உடனுக்குடன் அடித்துக்கொண்டு போய்விட்டால் வினை எளிதாகும். நாம் மூச்சுவிடும் காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்குதான் கரியமில வாயு. அவ்வளவு சுத்தமான காற்று கிளிஞ்சலைச் சுற்றி எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் கணக்குப்படி சுமார் 520 டிகிரியிலேயே தீர்ப்பு மாறிவிடும். நிஜக் காளவாயில் அப்படி அமையாது, கரியே எரிந்து அதே வாயுவைக் கக்குகிறது. ஆனாலும் கிளிஞ்சலும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டு, அடியில் துளை விட்டு, காற்றடித்து எரிக்கும் வழக்கம் கரியைக் கனலவைக்க மட்டும் வந்ததல்ல. மண்டும் வாயுவை வெளியேற்றவும் அதுவே உதவுகிறது. இந்தப் பக்கத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்புக்குப் பேர்போன பழவேற்காட்டில் காளவாய் மூட்டியவர்களுக்குக் கிப்ஸைத் தெரிந்திருக்காது. காற்றைத் தெரிந்திருந்தது.

பிரான்சில் ஹென்றி தெப்ரே 1867இல் இதை அளந்தே காட்டினார்: மூடிய குழாயில் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால், ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை வாயு வரும், அதற்கு மேல் வராது. பிறகு அதே வேலையைத் தொடர்ந்தவர் லெ ஷாத்தலியே, பள்ளிப் பாடத்தில் வரும் அதே லெ ஷாத்தலியே. அவருடைய முனைவர் பட்ட ஆய்வே சிமென்ட் பற்றியது. கிப்ஸின் கட்டுரையை 1899இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்ததும் அவர்தான். காளவாய்க்கும் கட்டிலா ஆற்றலுக்கும் உள்ள உறவு நான் இட்டுக்கட்டியதல்ல, அந்தக் கோட்பாடு வளர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று.

அடுத்தது தாளிப்பு. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விடும் வேலைக்குக் கொத்தனார்கள் வைத்த பெயர் அது; பார்த்தவர்களுக்குப் பொருத்தம் புரியும். முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. கட்டிகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு கட்டி வெடித்துப் பிளக்கும், பக்கத்தில் இன்னொன்று. ஆவி கிளம்பும், தொட்டி முழுக்கக் குமிழியிட்டுக் கொதிக்கும், கட்டிகள் உப்பி மாவாக உதிரும். எட்ட நின்று நீளக் கம்பால்தான் கிளறுவார்கள், கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு தாளிக்கும்போது வெளியாகும் வெப்பம் சுமார் 1,160 கிலோஜூல். கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணீரை நம் ஊர் வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அடுப்பில்லாமல் வந்த கொதிப்பு என்று தோன்றும். அடுப்பு இருந்தது, காளவாயில். அங்கே ஊட்டிய வெப்பத்தில் ஒரு பகுதிதான் இங்கே வெளியே வருகிறது.

நம் 100 கிராம் கிளிஞ்சலின் கணக்கைத் தொடர்ந்தால், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரை வாங்கி 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகிறது. கட்டிலா ஆற்றல் மாற்றம் மைனஸ் 57 கிலோஜூல். தானாக நடக்கும், அதுவும் அவசரமாக நடக்கும். திறந்து வைத்த மூட்டையில் இருக்கும் சுட்ட சுண்ணாம்பு காற்றின் ஈரத்தையே குடித்து, உப்பி, சாக்கைக் கிழித்துவிடும்.

நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து, சுவரில் ஏற்றினால் கடைசிக் கட்டம் தொடங்குகிறது. (வெல்லம் ருசிக்கல்ல. சர்க்கரை இருந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும்.) சுவர் காற்றிலிருந்து 44 கிராம் கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 18 கிராம் தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிராம் கிளிஞ்சல் பொருளாகிறது. இந்தக் கட்டத்தில் வெளியாகும் வெப்பம் 113 கிலோஜூல். ஆனால் அலைந்துகொண்டிருந்த வாயு கல்லுக்குள் அடைபடுவதால் பரவல் கணக்கில் நஷ்டம். அதற்காகச் சுமார் 39 கிலோஜூல் பிடித்துக்கொள்ளப்படுகிறது. மிஞ்சுவது 74. சம்பளச் சீட்டில் மொத்தத் தொகை ஒன்று, பிடித்தம் போகக் கைக்கு வருவது ஒன்று என்று இருக்குமே, கட்டிலா ஆற்றல் அந்தக் கைக்கு வரும் தொகை. பெர்த்தெலோ பார்த்தது மொத்தத் தொகையை மட்டும்.

மூன்று கட்டங்களையும் கூட்டிப் பாருங்கள். காளவாய் வினைக்கு, சூடேற்றாத நிலையில், பிளஸ் 131 (மேலே தோராயமாக 130 என்று பார்த்தது இதைத்தான்). தாளிப்பில் மைனஸ் 57. சுவரில் மைனஸ் 74. மொத்தம் பூஜ்யம். கிளிஞ்சலில் தொடங்கிக் கிளிஞ்சலில் முடிந்தால் அப்படித்தான் வர வேண்டும். பின்னிரண்டு கட்டங்களும் தானாக நடப்பதற்கான விலையைக் காளவாய் முன்கூட்டியே கட்டிவிட்டது. இயற்கையில் எதுவும் பிளஸ் திசையில் தானாகப் போகாது, ஆனால் வேறெங்கோ நடக்கும் பெரிய மைனஸோடு கட்டிவிட்டால் போகவைக்கலாம். இங்கே அந்தப் பெரிய மைனஸ் கரி எரிவது. நம் உடம்பில் தசை அசைவதும் புரதம் சேர்வதும் இதே ஏற்பாட்டில்தான். அங்கே எரிகிறது சோறு.

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மைனஸ் 57 தொட்டியில் நிமிடங்களில் முடிந்துவிட்டது. மைனஸ் 74 அதைவிடப் பெரிய எண். ஆனால் சுவரில் அது வருடக்கணக்கில் இழுக்கும். கட்டிலா ஆற்றல் திசையை மட்டும்தான் சொல்லும். எப்போது, எவ்வளவு வேகம் என்று கேட்டால் பதில் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் 'தானாக நடக்கும்' என்றால் 'உடனே நடக்கும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிளிஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். மட்டிகள் பலவற்றின் ஓடு அரகோனைட் என்ற படிக வடிவம். அது கால்சைட் என்ற இன்னொரு வடிவத்துக்கு மாறுவது கணக்குப்படி மைனஸ், சுமார் 1 கிலோஜூல். ஆனாலும் அரகோனைட் மாறாமலே லட்சக்கணக்கான ஆண்டு கிடந்த ஓடுகள் உண்டு. அணுக்கள் இடம் மாற வேண்டுமானால் நடுவில் ஒரு மேடு ஏற வேண்டும். அதை ஏறும் தெம்பு சாதாரண வெப்பநிலையில் அவற்றுக்கு இல்லை.

சுவரில் தடை வேறு மாதிரி. சுண்ணாம்பும் கரியமில வாயுவும் நேருக்கு நேர் மோதிச் சேர்வதில்லை. இரண்டும் காரையின் நுண்துளைகளிலுள்ள ஈரத்தில் கரைந்து, அங்கேதான் சந்திக்கின்றன. ஈரமே இல்லாமல் சுவர் வறண்டுவிட்டால் சந்திக்க இடமில்லை. துளை முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டால் வாயு உள்ளே வர வழியில்லை, ஏனென்றால் தண்ணீருக்குள் அது காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். அதனால்தான் சுண்ணாம்புப் பூச்சுக்கு நாள்கணக்கில் தண்ணீர் தெளிப்பார்கள், கொட்டமாட்டார்கள். கடற்காற்றின் ஈரப்பதம் இந்த ஊரில் அந்த வேலையில் பாதியை எடுத்துக்கொள்கிறது. புதிதாக வெள்ளையடித்த சுவர் முதல் நாள் மங்கலாகத் தெரிந்து, நீலம் கூடச் சரியாக எடுபடாமல், பிறகு நாளாக ஆகப் பளிச்சென்று வெளுப்பதற்குக் காய்வதோடு இந்த மாற்றமும் காரணம்.

வெளிப்பக்கம் கல்லானபிறகு வாயு அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஆழம் இரண்டு மடங்காக வேண்டுமானால் காலம் நான்கு மடங்காகும். ஒன்றரை அடி, இரண்டு அடிச் சுவர்களின் நடுப்பகுதி பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் முழுதாகக் கல்லாகாமல் இருக்கக்கூடும். அது குறையல்ல. உள்ளே மாறாமல் மிஞ்சிய சுண்ணாம்பு, சிறு விரிசல் விட்டால் மழைத் தண்ணீரில் கரைந்து வந்து விரிசலிலேயே கார்பனேட்டாகப் படிந்து அடைக்கும். அதற்காகச் சுண்ணாம்புச் சுவர் சாகாவரம் பெற்றது என்று நினைக்க வேண்டாம். மேரி கட்டடம் 2014 நவம்பர் 29இல் கனமழையில் இடிந்து விழுந்தது. இப்போது கடற்கரையில் நிற்பது 2021இல் திறக்கப்பட்ட மறு உருவம். தண்ணீர் ஒழுகும் கூரையைக் கவனிக்காவிட்டால் கிப்ஸ் வந்து காப்பாற்றமாட்டார்.

இதே ஊரில், இதே கடற்காற்றில், இதே வினை கெடுதலும் செய்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்த விளக்கம் அரைகுறை.

அதற்கு முதலில் இரும்பின் கணக்கைப் பார்க்க வேண்டும். இரும்பு துருப்பிடிப்பது நமக்குத் தெரிந்த வினைகளில் மிகவும் பிடிவாதமானது. 56 கிராம் இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஆக்ஸைடாக மாறும்போது கட்டிலா ஆற்றல் சுமார் 370 கிலோஜூல் இறங்குகிறது. சுவரின் 74ஐப் போல ஐந்து மடங்கு. இரும்பு தாதுவாகத்தான் பூமியில் கிடந்தது. உலையில் கரியைக் கொட்டி அதை இரும்பாக்கினோம். வாய்ப்புக் கிடைத்தால் அது தாதுவாகத் திரும்பப் பார்க்கிறது. கடல் உப்பு இந்தக் கணக்கில் ஒரு ஜூல்கூடச் சேர்ப்பதில்லை. அது செய்வதெல்லாம் வேகத்தைக் கூட்டுவது: ஈரத்தை மின்சாரம் கடத்தவைக்கிறது, இரும்பின்மேல் தானாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தைக் குளோரைடு துளைத்துவிடுகிறது. கடற்கரைச் சாலையில் வீட்டு கிரில் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடிப்பவர்கள் கொடுப்பது வேகத்துக்கான வரி.

கான்கிரீட்டில் கம்பி பிழைத்திருப்பதற்குக் காரணமே சுண்ணாம்புதான். சிமென்ட் இறுகும்போது நீற்றிய சுண்ணாம்பும் உண்டாகிறது. அதனால் உள்ளே காரத்தன்மை பி.எச். 12, 13 வரை இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் காப்புப் படலம் கலையாமல் நிற்கும். ஆனால் கான்கிரீட்டும் காற்றை உள்ளே விடுகிறது. மைனஸ் 74 அங்கேயும் மைனஸ் 74தான். கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே வந்து, அந்தச் சுண்ணாம்பைக் கார்பனேட்டாக்கி, காரத்தை 9க்கும் கீழே இறக்குகிறது. அந்த எல்லை கம்பியைத் தொடும் நாளில் படலம் போகும், துரு தொடங்கும். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கிடைக்காவிட்டால் கான்கிரீட்டையே பிளந்து எடுத்துக்கொள்ளும். மாடி சன்ஷேடின் அடியில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிற வீடுகளை எண்ணிக்கொண்டே நேரு வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகலாம்.

புதுச்சேரியின் பழைய இரும்புத் துறைப்பாலம் 1952 புயலில் அழிந்தபிறகு அதற்கு மாற்றாக வந்தது கான்கிரீட் பாலம். 1962 வாக்கில் முடிந்தது. 2022 மார்ச் மாதம், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருந்த நாளில், அதன் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. தள்ளியது அலைதான். ஆனால் அறுபது வருடம் உப்புக் காற்றில் நின்ற கம்பிக் கான்கிரீட்டுக்குள் எந்தத் திசையில் வினை ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

துருப்பிடிப்பை ஆராயும் ஒரு நிறுவனம் நம் பக்கத்தில் இருக்கிறது: காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாட்டின் எந்த ஊர்க் காற்று இரும்பை எவ்வளவு தின்கிறது என்று வரைபடமே போட்டவர்கள். மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக் காற்றில் வைத்து அளப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. கட்டிலா ஆற்றலை அங்கே பெரும்பாலும் வோல்ட்டில்தான் பேசுவார்கள். எலக்ட்ரான் கைமாறும் வினைகளில் அந்த ஆற்றலை மின்னூட்டத்தால் வகுத்தால் வோல்ட் வந்துவிடும். டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டும் அப்படி வந்ததுதான்.

வீட்டுக்காரருக்கு இதில் என்ன பயன் என்று கேட்டால், பழைய கான்கிரீட்டைப் பரிசோதிக்க வரும் என்ஜினியர் செய்யும் இரண்டு சோதனைகளைக் கவனித்தால் போதும். முதலில், கம்பியோடு ஒரு வயரைக் கோத்து, தாமிர சல்பேட் நிரப்பிய மின்முனையைக் கான்கிரீட் மேல் நகர்த்தி நகர்த்தி மின்னழுத்தம் பார்ப்பார். மைனஸ் 0.35 வோல்ட்டையும் தாண்டி இறங்கினால் அங்கே உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கப் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு. பிறகு ஒரு மூலையை உடைத்து, புதிதாகத் தெரியும் முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த அதே திரவம். காரம் இருக்கும் இடம் ரோஜா நிறமாகும். கார்பனேட்டாகிவிட்ட இடம் நிறமில்லாமல் கிடக்கும். ஓரத்திலிருந்து அந்த நிறமற்ற பட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதோடு ஒப்பிடுவார். பட்டை கம்பியை எட்டவில்லை, முதல் சோதனையும் துருவைக் காட்டவில்லை என்றால் பெயின்டும் பூச்சும் போதும். இல்லாவிட்டால் பெயர்த்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதுக் கான்கிரீட் போட வேண்டும்.

பக்கத்து வீதியில் பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் கொத்தனாரின் பூச்சிலும் அதே கரைசலைத் தெளிக்கலாம். அங்கே ரோஜா நிறம் வந்தால் பூச்சு இன்னும் பச்சை, சில வாரம் தண்ணீர் தெளித்துக் காத்திருக்க வேண்டும். நிறமே வராவிட்டால் வேலை முடிந்தது, காவி கலந்த வெள்ளை அடிக்க ஆரம்பிக்கலாம்.